தபால்காரர் பாடிய இசைத்தட்டு

1971-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பாடியவர் பெயர் ஜான் பிரைன். தட்டின் பெயரும் அதுவே. அட்டைப்படத்தில் ஓர் இளைஞர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். கன்ட்ரி இசை என்றால் வைக்கோல் இருந்தே ஆகவேண்டும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலும்! பிரைன் வளர்ந்ததோ சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில். அதற்கு முன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னதுண்டு.

கட்டாய ராணுவ சேவையை மேற்கு ஜெர்மனியில் மெக்கானிக்காக முடித்துவிட்டு வந்தவர், தபால்காரராக வேலை பார்த்தார். கடிதப் பையோடு தெருத்தெருவாக நடக்கும்போதே பாட்டுக் கட்டுவார். மாலையில் சிகாகோவின் சிறிய மதுக்கூடங்களில் பாடுவார். 1970 அக்டோபரில் ரோஜர் ஈபர்ட் (ஆம், பிரபல சினிமா விமர்சகரேதான்) 'பாடும் தபால்காரர்' பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டு நண்பர் ஸ்டீவ் குட்மேன், புகழ்பெற்ற பாடகர் கிரிஸ் கிரிஸ்டோபர்சனை நள்ளிரவு தாண்டி இழுத்துக்கொண்டு வந்தார். கடை மூடி, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தாகிவிட்ட நேரம். பிரைன் அவருக்காகவே பாடினார். பிறகு நியூயார்க்கில் கிரிஸ்டோபர்சன் தன் மேடையில் பிரைனை ஏற்ற, அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் உடனே ஒப்பந்தம் போட்டார்.

மொத்தம் 13 பாடல்கள். வியட்நாம் போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பி, குடும்பத்தையும் உயிரையும் இழக்கும் சிப்பாயைப் பற்றியது 'சாம் ஸ்டோன்'. போர் நடந்துகொண்டிருந்தபோதே வந்த பாடல் இது. 'ஹலோ இன் தேர்' முதியோரின் தனிமையைப் பேசுகிறது. எழுதியவருக்கு அப்போது இருபத்து சொச்சம் வயதுதான் என்பது நம்பமுடியாத விஷயம்! பெரும்பாலான பாடல்கள் மெம்பிஸில், எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்த அதே குழுவோடு பதிவாயின. வாத்தியங்கள் சில இடங்களில் சற்று அதிகம்தான்.

அந்தக் குறை இல்லாதது 'பாரடைஸ்'. நியூயார்க்கில் குட்மேனும், பிடில் வாசித்த அண்ணன் டேவும் சேர்ந்து செய்த எளிய பதிவு. கென்டக்கி மாநிலத்தில் பிரைன் பெற்றோரின் பூர்வீகப் பகுதியிலிருந்த ஊர்தான் பாரடைஸ். பீபடி நிலக்கரி நிறுவனம் சுற்றியிருந்த நிலத்தைத் தோண்டித் தீர்த்தது. அருகிலிருந்த அனல்மின் நிலையத்தின் சாம்பல் வீடுகள்மேல் படிந்தது. கடைசியில் அந்த மின் நிலையத்தை நடத்திய அரசு நிறுவனமே ஊரை விலைக்கு வாங்கி, 1967-இல் இடித்துத் தள்ளியது. பிரைன் இந்தப் பாடலை எழுதியது அப்பாவுக்காக. பதிவு நாடாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது, அப்பா எழுந்து பக்கத்து அறை இருட்டில் போய் உட்கார்ந்து கேட்டாராம். மதுக்கடை ஜூக்பாக்ஸில் பாடுவதாகக் கற்பனை செய்துகொள்ளத்தான்! தட்டு வெளிவருமுன் அவர் இறந்துவிட்டார்.

விற்பனை சுமார்தான், பில்போர்டு பட்டியலில் 154-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பானி ரெய்ட் 1974-இல் 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி'யைப் பாடிய பிறகே பலர் இந்தத் தட்டைத் தேடிப் போனார்கள். பாரடைஸ் அனல்மின் நிலையத்தின் கடைசி நிலக்கரி உலை 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 7-இல் பிரைன் கொரோனாவால் காலமானார்.