ஒரு மணி நேரம் அடித்த கை

பவுண்டு கேக் என்ற பெயர் எங்களுக்குத் தெரியாது. வெண்ணெய் கேக் என்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், டோல்கேட் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, குண்டானைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு அம்மா அடிப்பார். வலது கை ஓய்ந்தால் இடது கை. “நடுவுல நிறுத்துனா அடை மாதிரி ஆயிடும்டி” என்பார். வீட்டில் ஓவன் கிடையாது. மாவை டின்னில் ஊற்றி பேக்கரிக்குத் தூக்கிப் போவோம்.

பல வருடங்கள் கழித்து அதே கேக்கை ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் பார்த்தேன். 1747இல் லண்டனில் வந்தது. வெண்ணெய், மாவு, சர்க்கரை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, பன்னிரண்டு முட்டை. வெள்ளைக்கரு மட்டும் ஆறு. கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வருவதற்கு இன்னும் ஏறக்குறைய நூறு வருடம் இருந்தது. கேக்குக்குள் காற்றை ஏற்றியது யாரோ ஒருத்தியின் தோள்பட்டை. அந்தப் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இல்லை, ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும் இருந்தது. ஜான் ஹில் என்ற ஆண்தான் எழுதினார் என்றுகூட நெடுங்காலம் பேசினார்கள். 1938இல் மேடலின் ஹோப் டாட்ஸ் என்ற வரலாற்றாசிரியர்தான் ஹன்னாவை உறுதிப்படுத்தினார்.

பெயரில்லாமல் கேக் சுடுவதையே நெறியாகக் கொண்டவர்களும் உண்டு. கைவினை தெரிந்த துறவிக்குத் தன் திறமையில் தலைக்கனம் வந்தால் அவரை அந்த வேலையிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறது, 6ஆம் நூற்றாண்டின் பெனடிக்ட் விதிநூல். அந்த விதிப்படி வாழும் அமெரிக்காவின் கெத்செமனி மடத்துத் துறவிகள் போர்பன் விஸ்கி சேர்த்த பழக் கேக் விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு மடத்தின் பெயர் தெரியும், அடித்த கை தெரியாது. அவர் பெயரைத் துறந்தவர். துறப்பதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டுமே!

பழைய கோவாவின் சாந்தா மோனிக்கா கன்னியர் மடத்தை 1606இல் கட்டத் தொடங்கினார்கள். ஓர் அடுக்கு வெந்தபின் அடுத்த அடுக்கை ஊற்றிச் சுடும் பெபிங்காவை முதலில் செய்தவர் அங்கிருந்த பிபியானா என்பது செவிவழிக் கதை. 1834இல் போர்ச்சுகல் அரசு ஆண்களின் மடங்களை உடனே மூடியது. பெண்களின் மடங்களில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, கடைசிச் சகோதரி இறந்ததும் மூட வேண்டும் என்றது. சாந்தா மோனிக்காவின் கடைசிச் சகோதரி 1885இல் இறந்தார். ஐம்பது வருடம், ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே அந்தச் சமையலறையில் என்ன சுட்டிருப்பார்கள்? 2023இல் கோவா பெபிங்காவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது பேக்கரிக்காரர்களின் சங்கம்.

எங்கள் பேக்கரியில் அந்த வாரம் டின்கள் வரிசையாக இருக்கும். மாறிப்போகக் கூடாதென்று ஓரத்தில் மாவு தடவி ஒரு சீட்டு ஒட்டுவோம். அனலில் பழுப்பேறித் திரும்பி வரும். எங்கள் சீட்டில் அப்பாவின் பெயர். அவர் அந்நேரம் துறைமுகத்தில் ஷிப்டில் இருப்பார். நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அந்தப் பெயரை எழுதியது நான்தான்.