சிறைக்கதவைத் திறந்த நட்பு



போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டு வரிசைப்படி நெட்டுருச் செய்வதே சரித்திரப் படிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: பகைவர் இருவர் ஒருவரையொருவர் மனிதராகக் கண்டுகொண்ட வேளைகளையும் நாம் அதே கவனத்துடன் படித்தல் வேண்டும். வட ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவ பிஷப் ஒருவருக்கும் முஸ்லிம் தலைவர் ஒருவருக்கும் இடையே தோன்றிய நட்பு அத்தகையது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

1830-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த குலத்தினர் 1832-இல் அப்துல் காதிர் என்பவரைத் தம் அமீராகத் தேர்ந்துகொண்டனர். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. மார்க்கக் கல்வியில் ஆழ்ந்தவர், குதிரையேற்றத்தில் வல்லவர். பதினைந்து ஆண்டுகள் அவர் அந்நியப் படையை எதிர்த்து நின்றார். பிரெஞ்சுத் தளபதிகள் ஊர்களை எரித்தனர். விளைந்த பயிரை அழித்தனர். இருதரப்பிலும் பலர் சிறைப்பட்டனர்.

அந்நாளில் அல்ஜியர்ஸின் முதல் பிஷப்பாக இருந்தவர் தூபூஷ் என்னும் பிரெஞ்சுக்காரர். அமீரின் வீரர்களிடம் சிறைப்பட்ட ஒருவரை விடுவிக்க வேண்டி, அவர் அப்துல் காதிருக்குக் கடிதம் எழுதினார். வந்த மறுமொழி அவரைச் சிந்திக்கச் செய்தது. ஒருவருக்காக மட்டும் ஏன் கேட்டீர், சிறைப்பட்ட கிறிஸ்தவர் அனைவருக்காகவும் அன்றோ கேட்டிருத்தல் வேண்டும் என்று அமீர் எழுதியிருந்தார். பிரெஞ்சுச் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்காகவும் பரிந்து பேசினால், உமது செயல் இருமடங்கு சிறப்புடையதாகும் என்றும் அதில் கண்டிருந்தது.

இம்மறுமொழியின் நுட்பத்தைக் கவனியுங்கள். தம்மவர் துயரைக் கண்டு இரங்குவது எவர்க்கும் இயல்பு. எதிர்த்தரப்பாரின் வீட்டிலும் அதே அழுகுரல் எழுகிறது என்று உணர்வதற்கு ஒரு பயிற்சி வேண்டும். தம் அறத்தையே பகைவர் தமக்கு எடுத்துரைக்கக் கேட்ட பிஷப் சினம் கொள்ளவில்லை. உடனே முயற்சியில் இறங்கினார். 1841-ஆம் ஆண்டில் இருதரப்புக் கைதிகளும் விடுதலை பெற்று வீடு திரும்பினர்.

1847-ஆம் ஆண்டின் இறுதியில் அமீர் போரைக் கைவிட்டுச் சரணடைந்தார். கீழ்த்திசையிலுள்ள முஸ்லிம் நாடொன்றுக்கு அனுப்பிவைப்பதாகப் பிரெஞ்சுத் தளபதி அளித்த வாக்குறுதியை நம்பியே அவர் அவ்வாறு செய்தார். ஆனால் அந்த வாக்கு காற்றிற் பறந்தது. குடும்பத்தாருடனும் பரிவாரத்துடனும் அவர் பிரான்சில் சிறைவைக்கப்பட்டார். ஆம்புவாஸ் கோட்டையில் அவருடன் இருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களின் கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம்.

அந்நாளில் தூபூஷ் பதவியில் இல்லை. கடன் சுமையால் பதவி துறந்திருந்தார். எனினும் சிறையிலிருந்த நண்பரை நாடிச் சென்றார். அமீரின் பண்பையும், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் எடுத்துக்காட்டி, 1849-இல் நூலொன்று வெளியிட்டு, நாட்டின் தலைவர் லூயி நெப்போலியனுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். தம் நாடு தந்த வாக்கைத் தம் நாட்டாருக்கே நினைவூட்டுதல் எளிய செயலன்று. வேறு சிலரும் குரல் கொடுத்தனர். 1852-இல் அமீர் விடுதலையானார். பின்னர் டமாஸ்கஸில் குடியேறினார்.

1860-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நகரில் பெருங்கலகம் மூண்டது. கிறிஸ்தவர் வாழ்ந்த பகுதி தீக்கிரையாயிற்று, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அப்துல் காதிர் தம் அல்ஜீரிய வீரர்களுடன் தெருத்தெருவாகச் சென்று, அஞ்சி ஒளிந்திருந்தோரை அழைத்து வந்து, தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தார். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். மைதான் என்னும் பகுதியில், நெடுநாள் அண்டை வீட்டாராய் வாழ்ந்த கிறிஸ்தவர்களை அங்கிருந்த முஸ்லிம் பெரியோர் காத்து நின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தூபூஷ் செய்த உதவிக்குக் கைம்மாறாகவே அமீர் இதனைச் செய்தார் என்று கூறுதல் பொருந்தாது. அல்ஜியர்ஸில் பின்னர் பிஷப்பாக இருந்தவர் நன்றி தெரிவித்து எழுதியபோது, இஸ்லாமிய நெறியும் மனித உரிமையும் விதித்த கடமையையே செய்தேன் என்று அமீர் மறுமொழி தந்தார். தூபூஷும் தம் சமயத்தில் இம்மியளவும் தளர்ந்தவரல்லர். தத்தம் நெறியில் ஊன்றி நின்றவர்களே ஒருவர்க்கொருவர் துணையாயினர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

டமாஸ்கஸ் நிகழ்ச்சியைக் காண தூபூஷ் உயிரோடு இல்லை, 1856-இலேயே மறைந்தார். ஆயினும் அவர் பெற்ற மறுமொழி நமக்கு எஞ்சியிருக்கிறது. மாணவர்களே, உங்கள் விடுதியிலோ தெருவிலோ மாற்றுச் சமயத்தாருடன் பூசல் எழுமாயின், நம்மவர்க்கு நேர்ந்த தீங்கு யாது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களுக்கு நேர்ந்தது யாது என்றும் கேளுங்கள். கேட்டறிந்ததை உங்களவர் நடுவில் அஞ்சாது எடுத்துச் சொல்லுங்கள்.