இரண்டு பிக்சல் மூக்குத்தி

அம்மம்மாவின் அந்தியேட்டிக் கல்வெட்டில் போடுவதற்கு அவருடைய இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் தாளில் இல்லை. இருபது வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவர் ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி. மூலப்படம் பின்னர் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. பிரதியின் அளவு 180 × 240 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சகக் கணக்கில் ஒரு தபால் முத்திரையளவுகூட வராது.

திரையில் அதைப் பெரிதாக்கியபோது தெரிந்த கட்டங்கள் 1957இல் பிறந்தவை. வாஷிங்டனில், அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தில் வேலைசெய்த ரஸல் கேர்ஷ், கணினியால் படம் பார்க்க முடிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தார். தன் மூன்று மாத மகன் வோல்டனின் படத்தைச் சுழலும் உருளையில் பொருத்தினார். ஒளியுணர் கருவி அதைக் கட்டம் கட்டமாக அளந்து ‘சீயாக்’ என்ற கணினிக்குக் கொடுத்தது. படம் 5 செ.மீ. சதுரம். பக்கத்துக்கு 176 கட்டங்கள், மொத்தம் 30,976. அந்தக் கருவிக்குத் தெரிந்தவை கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. ஆகவே ஒளியின் எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை ஸ்கான் செய்து, அவற்றை ஒன்றுசேர்த்துச் சாம்பல் நிறங்களைப் பெற்றார்கள். ‘பிக்சல்’ என்ற சொல் அப்போது இல்லை. நிலவிலும் செவ்வாயிலும் இருந்து விண்கலங்கள் அனுப்பிய படங்களைக் கையாண்ட ஃபிரெட் பில்லிங்ஸ்லி, 1965இல் அதை அச்சில் எழுதினார்.

கட்டம் ஏன் சதுரமாக இருந்தது? அன்று அதுதான் இலகு. ஆனால் முகத்தில் சதுரம் ஏது? எண்பது வயதைக் கடந்த பின், 2010இல், கேர்ஷ் அந்தத் தேர்வு தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். படத்துக்கேற்ப வடிவம் மாறும் பிக்சல்களையும் முன்வைத்தார்.

வடிவம் மாறினாலும் ஒன்று மாறாது. ஒரு பிக்சலுக்குள் விழுந்தவை எல்லாம் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். கேர்ஷின் ஒரு கட்டம் படத்தில் கால் மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதே 176 கட்டங்களை ஒரு கல்யாணவீட்டுக் கூட்டத்தின் மேல் விரித்தால் ஒரு முகத்துக்கு ஒரு சில கட்டங்களே மிஞ்சும். பிக்சலின் எண்ணிக்கை மட்டும் தெளிவைத் தராது. ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பதும் முக்கியம். அம்மம்மாவின் மூக்குத்தி இரண்டு பிக்சல். அது வைரமா வெள்ளைக் கல்லா என்பது ஸ்கான் செய்த அன்றே அழிந்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் துலக்கமான முகம் வந்தது. இமைமயிர்கூடத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

“ஆரிது?” என்றா.

வேறு ஆயிரம் முகங்களில் பழகிய ஊகம் அது. அம்மம்மாவின் முகம் அதில் இல்லை. கல்வெட்டில் அந்தப் படத்தை உள்ளபடியே, முத்திரையளவில் போட்டோம்.

தாள்படம் இன்னும் கையில் இருப்பவர்கள் அங்குலத்துக்கு 600 புள்ளியிலாவது ஸ்கான் செய்துவையுங்கள். செய்த பிறகும் தாளை எறிந்துவிடாதீர்கள்.