எரிபொருள் மானி பழுதானால்... (கிம்லி கிளைடரின் கதை)

பைக், கார், தண்ணீரில் சீறிப் பாயும் ஜெட் ஸ்கீ என்று எதை எடுத்துக் கொண்டாலும் அதன் பெட்ரோல் டேங்குக்குள் ஒரு சிறிய உறுப்பு உண்டு. பெரும்பாலும் அது ஒரு மிதவைதான். எரிபொருள் குறையக் குறைய மிதவை கீழே இறங்கும். அதற்கேற்ப மின்தடை மாறும். அந்த மாற்றம் கம்பி வழியாகப் போய் முன்னால் இருக்கும் முள்ளை நகர்த்தும். மிதவை சிக்கிக் கொண்டாலோ, கம்பி இணைப்பு விட்டுப் போனாலோ முள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

சாலையில் என்றால் வண்டியைத் தள்ளிக் கொண்டு போகலாம். ஏரியின் நடுவில் என்றால் யாராவது வந்து இழுத்துச் செல்லும்வரை காத்திருக்கலாம். ஆனால் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தால்?

அப்படியும் ஒருமுறை நடந்தது. அதற்குக் காரணம் ஒரு பழுதான மானியும், பாதியில் விடப்பட்ட ஒரு பழுதுபார்ப்பும்தான்.

ஒரு சிறிய சால்டரிங் கோளாறு

1983 ஆம் ஆண்டு கனடாவில் ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானங்கள் புத்தம் புதியவை. எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட்ட அந்நிறுவனத்தின் முதல் விமானங்களும் அவையே. நாடே அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக் கொண்டிருந்தது. பழைய விமானங்களில் கணக்கு இன்னும் பவுண்டில்தான் ஓடியது.

இந்த விமானத்தில் எரிபொருள் அளவைக் கணக்கிடும் கருவிக்கு இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று வேலை செய்ய வேண்டும். ஆனால் ஒரு தடத்தில் சரியாகப் பிடிக்காத ஒரு சால்டரிங் இணைப்பு, மொத்தக் கருவியையும் முடக்கிவிட்டது. மானிகள் இருண்டு போயின.

எட்மன்டன் நகரில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்ட தடத்தின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டதும் மானிகள் மீண்டும் உயிர் பெற்றன! மாற்றுக் கருவி கையிருப்பில் இல்லாததால், பிரேக்கரில் ஒரு அட்டையை மாட்டி, விவரத்தைக் குறித்து வைத்து விமானத்தை அனுப்பினார்.

ஜூலை 23 அன்று விமானம் மாண்ட்ரியல் வந்தது. அங்கே மற்றொரு பணியாளர் கருவியைச் சோதிக்க அந்தப் பிரேக்கரை மறுபடி உள்ளே தள்ளினார். மானிகள் அணைந்தன. இடையில் வேறு வேலை வந்து கவனம் சிதற, பிரேக்கரை மீண்டும் இழுக்க மறந்துவிட்டார். அட்டை மட்டும் அப்படியே தொங்கியது. புதிதாகப் பொறுப்பேற்ற விமானி பாப் பியர்சன் இருண்ட மானிகளைப் பார்த்தார். விமானம் வரும்போதே இப்படித்தான் வந்தது என்று எண்ணிக் கொண்டார்.

1.77 என்ற எண்

மானி இல்லாவிட்டால் என்ன, குச்சி இருக்கிறதே! இறக்கையின் அடியில் உள்ள அளவுக் குச்சியால் பார்த்தபோது 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.803 ஆல் பெருக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் பழகிய எண் 1.77. அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண்.

சரியான கணக்கு: இருப்பு 6,169 கிலோ, இன்னும் நிரப்ப வேண்டியது 20,088 லிட்டர்.

அவர்கள் போட்ட கணக்கு: இருப்பு 13,597 "கிலோ", நிரப்ப வேண்டியது 4,917 லிட்டர்.

ஆக, தேவையானதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடியும் குச்சி வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் 1.77 ஆல்தான் பெருக்கினார்கள். தப்பான எண்ணை வைத்தே சரிபார்த்ததால், எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரிந்தது! விமானத்தின் கணினியிலும் 22,300 கிலோ என்று கையால் பதிந்திருந்ததால், அதுவும் நிறைய மிச்சம் இருப்பதாகக் காட்டியது.

17 நிமிடங்கள்

ஒண்டாரியோ மாகாணத்தின் ரெட் லேக் பகுதியின் மேலே பறக்கும்போது எச்சரிக்கை ஒலி எழுந்தது. வின்னிபெக் நகருக்குத் திரும்பினார்கள். சற்று நேரத்தில் இடது எஞ்சின் நின்றது. பிறகு வலது எஞ்சினும் நின்றது. எஞ்சின்களோடு மின்சாரமும் போய், திரைகள் எல்லாம் இருண்டன. காற்றில் சுழலும் ஒரு சிறு விசிறி மட்டும் விமானத்தைத் திருப்புவதற்கான சக்தியைக் கொடுத்தது.

வின்னிபெக் வரை போக முடியாது என்று துணை விமானி மாரிஸ் குவின்டல் கணக்கிட்டுச் சொன்னார். முன்பு தான் பணியாற்றிய கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளம் அருகில் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. அந்த ஓடுபாதை கார் பந்தயத் திடலாக மாறியிருந்தது அவருக்குத் தெரியாது. அன்று அங்கே குடும்பங்களும் குழந்தைகளும் கூடியிருந்தனர்!

பியர்சன் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். இறங்கும்போது உயரம் அதிகமாக இருந்தது. கிளைடர் ஓட்டிகள் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து உயரத்தைக் குறைத்தார். தரை தொட்டதும் சரியாகப் பூட்டிக் கொள்ளாத முன்சக்கரம் மடங்கியது. மூக்கு தரையில் உரசி, மக்கள் கூட்டத்துக்கு முன்பாகவே விமானம் நின்றது. அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். வெளியேறும்போது 10 பேருக்குச் சிறு காயம் மட்டுமே.

யார் குற்றம்?

நிறுவனம் முதலில் இரு விமானிகளையும் சில பணியாளர்களையும் தண்டித்தது. ஆனால் நீதிபதி லாக்வுட் தலைமையிலான விசாரணை நிறுவனத்தின் குறைகளையும் சுட்டிக்காட்டியது. மூன்றாவது ஆளாக இருந்த விமானப் பொறியாளர் இந்தப் புதிய விமானத்தில் இல்லை. எனவே எரிபொருள் கணக்கு யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை. புது அளவு முறையில் போதிய பயிற்சியும் இல்லை. 1985 இல் இரு விமானிகளுக்கும் சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பின் பாராட்டுப் பட்டயம் கிடைத்தது. அந்த விமானமும் பழுது பார்க்கப்பட்டு 2008 ஜனவரி வரை பறந்தது.

இதில் மானி பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இருண்டு போய், "எனக்குத் தெரியாது" என்று அது உண்மையையே சொன்னது. பொய் சொன்னது, அலகு எழுதப்படாத 1.77 என்ற எண்தான். ஜெட் ஸ்கீயின் மிதவையோ விமானத்தின் மானியோ, பழுது பார்ப்பவர் தன் வேலையை எந்த நிலையில் விட்டுச் செல்கிறார் என்பதை அடுத்தவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகாதவரை அந்தப் பழுது தீர்ந்ததாகாது.