மெட்ராஸ் கேட்ட துப்பாக்கி

இந்த வாரக் கதை 1887 டிசம்பர்ல ஆரம்பிக்குது. இடம், ஆயிரம் விளக்குல இருந்த மக்கீஸ் கார்டன். காங்கிரஸோட மூணாவது மாநாடு, மெட்ராஸ்ல முதல் மாநாடு. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. அறுநூறு பிரதிநிதிகளுக்கு மேல வந்திருக்காங்க. பெரும்பாலும் வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், ஜமீன்தார்கள், வாத்தியார்கள். இவங்க போட்ட தீர்மானங்கள்ல ஒண்ணு, சுருக்கமா சொன்னா, "எங்களுக்குத் துப்பாக்கி வெச்சுக்க அனுமதி வேணும்."

ஆமா, மெட்ராஸ் மாநாட்டுல.

இதை நான் தேடிப் போனதுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். கே.கே. நகர்ல இருந்து ஒருத்தங்க அனுப்பியிருந்தாங்க. ஐ.டி. வேலை, நைட் ஷிஃப்ட். கேப் டிரைவர் தெரு முனையிலேயே இறக்கி விட்டுடறாராம், அங்கிருந்து வீட்டுக்கு நானூறு அடி. பெப்பர் ஸ்ப்ரே பையில இருக்கு, ஆனா கை நடுங்குதுன்னாங்க. கடைசியா கேட்டாங்க: "வெள்ளைக்காரன் நம்மகிட்ட இருந்து பிடுங்கின துப்பாக்கியை, சுதந்திரம் வந்தப்புறம் நம்ம ஆளுங்க ஏன் திருப்பிக் கொடுக்கல?"

நல்ல கேள்வி. பிடுங்கினது உண்மை. அது தொடங்கினதே நம்ம பக்கத்துலதான்.

1799 அக்டோபர்ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801 அக்டோபர்ல மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல. அந்த டிசம்பர்லயே மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இவர் பிளாசி கிளைவோட மகன். பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்கணும், கோட்டைகள் இருக்கக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினாங்க. 1857 எழுச்சிக்கு அப்புறம் வட இந்தியாவுல நடந்த ஆயுதப் பறிமுதலைத்தான் பாடப்புத்தகம் பெருசா பேசும். அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே திருநெல்வேலிச் சீமையிலயும் சிவகங்கையிலயும் ஒத்திகை முடிஞ்சிருச்சு.

அடுத்து 1878. வைஸ்ராய் லிட்டன். ஒரே வருஷத்துல ரெண்டு சட்டம்: சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்க ஒண்ணு, ஆயுதச் சட்டம் இன்னொண்ணு. பேனாவையும் துப்பாக்கியையும் சேர்த்தே பூட்டிட்டார். ஆயுதச் சட்டத்துல நம்ம ஆட்களைக் கொதிக்க வெச்சது லைசென்ஸ் மட்டும் இல்ல, விதிவிலக்குப் பட்டியல். இந்தியருக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு வேண்டாம். மவுண்ட் ரோட்ல பி. ஓர் அண்ட் சன்ஸ் இருக்கு இல்லையா, அந்தப் பெரிய கடிகாரம் வெச்ச கட்டடம்? அன்னைக்கு அவங்க துப்பாக்கியும் வித்தாங்க. பேர் பொறிச்ச பழைய வேட்டைத் துப்பாக்கிகள் இன்னமும் ஏலத்துக்கு வருது. அந்தக் கடைக்குள்ள ஒரு வெள்ளைக்கார குமாஸ்தாவும் ஒரு மயிலாப்பூர் ஐகோர்ட் வக்கீலும் நுழையறாங்கன்னு வெச்சுக்கோங்க. குமாஸ்தா காசு கொடுத்து வாங்கிட்டுப் போயிடலாம். வக்கீல் போய் மனு எழுதணும்.

இந்தப் பின்னணியிலதான் 1887 தீர்மானம். அங்க ஆயுதச் சட்டத்தை நீக்கணும்னு ஆவேசமா பேசினவர்கள்ல ஒருத்தர் விபின் சந்திர பால். வயசு முப்பது கூட ஆகல. பின்னாடி லால்-பால்-பால் மூவர்ல ஒருத்தரா ஆனவர்.

தீர்மானத்தைக் கவனமா படிச்சா உள்ள மூணு கோரிக்கை பொதிஞ்சிருக்கு. ஒண்ணு, நிறம் பார்க்காதே. ரெண்டு, எல்லாரும் ஆயுதம் வெச்சுக்கலாம்ங்கிறதுதான் பொது விதியா இருக்கணும், வேண்டாம்னு சொல்றதுதான் விதிவிலக்கா இருக்கணும். மூணு, ஒருத்தருக்கு வேண்டாம்னு சொன்னா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணி வெளியிடணும்.

நம்ம பாஷையில சொல்றேன். ஃபயர்வால் அமைக்க ரெண்டு வழி இருக்கு. எல்லாரையும் உள்ள விட்டுட்டு, தடைப் பட்டியல்ல இருக்கறவங்களை மட்டும் நிறுத்தறது. இல்ல எல்லாரையும் நிறுத்திட்டு, அனுமதிப் பட்டியல்ல இருக்கறவங்களை மட்டும் உள்ள விடறது. லிட்டன் சட்டம் இந்தியருக்கு ரெண்டாவது வகை, ஐரோப்பியருக்கு முதல் வகை. மெட்ராஸ் மாநாடு கேட்டது எல்லாருக்கும் முதல் வகை. கூடவே ஒரு லாக் ஃபைல்.

இதுல பாதுகாப்புங்கிற வார்த்தையை விட மானம்ங்கிற வார்த்தைதான் பெருசு. "எங்களை நம்பலையா?"ன்னு கேக்கறாங்க. 1918-ல காந்தியே ராணுவத்துக்கு ஆள் சேர்க்கப் போனப்போ, பிரிட்டிஷ் ஆட்சியோட மிக மோசமான செயல்கள்ல ஒண்ணா ஆயுதச் சட்டத்தைச் சொன்னார். அகிம்சை பேசின மனுஷன்! 1931 கராச்சி காங்கிரஸ் போட்ட அடிப்படை உரிமைகள் பட்டியல்லயும், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வெச்சுக்கற உரிமை இருந்தது.

(நடுவுல ஒரு சின்ன விலகல். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன்ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல்ல. சுடப் பழகினது பாண்டிச்சேரியில, வ.வே.சு. ஐயர்கிட்ட. லிட்டன் சட்டம் பிரெஞ்சு எல்லையில நின்னுபோச்சு. இது தனி எபிசோடுக்கான சமாச்சாரம்.)

இப்போ 1948 டிசம்பர், அரசியல் நிர்ணய சபை. எச்.வி. காமத் எழுந்து ஒரு திருத்தம் கொண்டு வர்றார்: சட்ட விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வெச்சுக்கற உரிமையை அடிப்படை உரிமையா சேர்க்கணும். கராச்சியில நாமே கேட்டதுதானேங்கிறார். அம்பேத்கர் ஏத்துக்கல. பாகுபாடில்லாம எல்லாருக்கும் இந்த உரிமையைக் கொடுத்துட முடியாது, கட்டுப்படுத்தற அதிகாரம் அரசுகிட்ட இருந்தாகணும்ங்கிறது அவர் பதிலோட சாரம். திருத்தம் தோத்துப்போச்சு. அறுபத்தோரு வருஷமா கேட்டதைக் கையில அதிகாரம் வந்ததும் தள்ளிட்டாங்க.

இரட்டை வேஷம்னு சொல்லலாம். எனக்கு அப்படித் தோணல. அந்த 61 வருஷத்தோட கடைசி ரெண்டை மட்டும் பாருங்க: பஞ்சாப்லயும் வங்காளத்துலயும் பிரிவினை ரத்தம். பத்து மாசம் முன்னாடி டெல்லியில பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து வந்த காந்தி மேல ஒரு பெரெட்டா பிஸ்டல். 1887-ல துப்பாக்கின்னா கவர்ன்மென்ட் நம்மை எப்படிப் பார்க்குதுங்கிற கேள்வி. 1948-ல அது பக்கத்து வீட்டுக்காரன் நம்மை எப்படிப் பார்க்கறான்ங்கிற கேள்வி ஆயிடுச்சு. கேள்வி மாறினா பதிலும் மாறத்தானே செய்யும்?

ஆனா மெட்ராஸ் தீர்மானம் முழுசா குப்பைக்குப் போகல. லிட்டன் சட்டத்துக்குப் பதிலா வந்தது 1959 ஆயுதச் சட்டம், அமலுக்கு வந்தது 1962 அக்டோபர் 1. நிறப் பாகுபாடு போச்சு. அதாவது முதல் கோரிக்கை பாஸ். லைசென்ஸ் மறுத்தா அதிகாரி காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும், கேட்டா சுருக்கமா தரணும்னு 14-ஆவது பிரிவு சொல்லுது. பொது நலனுக்காகத் தராம இருக்கலாம்னு ஒரு ஓட்டை இருக்கு, இருந்தாலும் மூணாவதும் பாஸ். மேல்முறையீடும் உண்டு. ரெண்டாவது மட்டும் கிடைக்கல: கதவு மூடியே இருக்கும், தட்டிக் காரணம் சொல்லணும். சென்னையில அந்தக் கதவு போலீஸ் கமிஷனர், மாவட்டங்கள்ல கலெக்டர். அதுலயும் தரம் உண்டு. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ நீளக் குழல் ஷாட்கன், பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கின்னா சட்டம் கொஞ்சம் இளகும். கைத்துப்பாக்கின்னா "தக்க காரணம்" இருக்குன்னு அதிகாரி திருப்தி அடையணும்.

இதை எதிர்த்து ஒரு ஹைகோர்ட் நீதிபதியே எழுதியிருக்கார். 1993-ல, அலகாபாத்ல, மார்க்கண்டேய கட்ஜு. பின்னாடி நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியா வந்தவர். ரவுடிகிட்ட எப்படியும் துப்பாக்கி இருக்கு, சட்டத்தை மதிக்கறவன்தான் வெறுங்கையோட நிக்கறான். அதனால தடை செய்யப்படாத ரக ஆயுதம் வெச்சுக்கறது 21-ஆவது பிரிவு தர்ற உயிர்வாழும் உரிமைக்குள்ளயே வரும்ங்கிறது அந்த வழி. ரெண்டு வருஷத்துல பெரிய பெஞ்ச் அந்தத் தீர்ப்பைக் கவுத்துடுச்சு. வாய்ஸ் நோட் அனுப்பினவங்க கேட்டதும் அதே வாதம்தான். சாதாரணமா ஒதுக்கிட முடியாது. கள்ளத் துப்பாக்கி நம்ம ஏரியாவுக்கும் புதுசில்ல. 1982 மே 19 பாண்டி பஜார்ல பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் எதிரெதிரா வந்து சுட்டுக்கிட்டாங்க. 1990 ஜூன் 19 கோடம்பாக்கம் சக்கரியா காலனியில பத்மநாபாவும் கூட இருந்த பத்துப் பேருக்கும் மேல கொல்லப்பட்டாங்க. இந்த ரெண்டு இடத்துக்கும் அசோக் பில்லர்ல இருந்து ஆட்டோல போயிடலாம். அந்தத் துப்பாக்கிகள் எதுவும் கமிஷனர்கிட்ட மனு போட்டு வந்ததில்ல.

ஆனா அந்த ராத்திரி சக்கரியா காலனியில எதிர் ஃபிளாட்காரர் கையில ஒரு ரிவால்வர் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஏ.கே.-47-க்கு முன்னாடி?

நான் எடை போட்டுப் பார்க்கறது வேற ரெண்டு சம்பவத்தை.

1967 ஜனவரி 12, சாயங்காலம், ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். வீட்டுக்கு எம்.ஆர். ராதா வர்றார், கூட ஒரு தயாரிப்பாளர். ரெண்டு பேரும் பல வருஷம் சேர்ந்து நடிச்சவங்க. வாசல்ல யாரும் தடுக்கல, எதுக்குத் தடுக்கணும்? உள்ள உக்காந்து பேசறாங்க. பேச்சு முத்தி, ராதாவோட சொந்த ரிவால்வர் வெளிய வருது. எம்.ஜி.ஆருக்குக் காதோரம் குண்டு, ராதா மேலயும் குண்டு. ரெண்டு பேரையும் முதல்ல ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் அப்புறம் ஜி.எச்.சுக்கும் கொண்டு போனாங்க. துப்பாக்கியை முதல்ல எடுத்தது எம்.ஜி.ஆர். தான்னு ராதா தரப்பு வாதாடினாங்க, கோர்ட் நம்பல. ஏழு வருஷத் தண்டனை, மேல்முறையீட்டுல குறைஞ்சது. கழுத்துக் கட்டோட இருக்கற எம்.ஜி.ஆர். போட்டோ போஸ்டரா ஊரெல்லாம் ஒட்டப்பட்டுது. அடுத்த மாசத் தேர்தல்ல பரங்கிமலைத் தொகுதியில அவர் ஜெயிச்சார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அவர் குரல் மட்டும் பழையபடி வரவே இல்ல.

அரசியலை விடுங்க. சுட்டது கூலிப்படை இல்ல, முகமூடித் திருடன் இல்ல. அந்த வீட்டு ஹால்ல சகஜமா உக்காரக்கூடிய ஆள். கோபம் வந்த நேரத்துல கைக்கு எட்டற தூரத்துல துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, 2011 ஜூலை 3. தீவுத்திடல் பக்கம் ராணுவக் குடியிருப்பு. பக்கத்துக் குடிசைப் பகுதியில இருந்து 13 வயசுப் பையன் ஒருத்தன் கூட்டாளிகளோட வாதாங்கொட்டை பொறுக்க உள்ள போறான். ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி ரைஃபிளால சுட்டுட்டார். பையன் செத்துட்டான். அந்த ரைஃபிளைக் கூவத்துல இருந்து எடுத்தாங்க. அடுத்த ஏப்ரல்ல கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. சுவர் ஏறிக் குதிச்சு யாரோ வர்றாங்க, நான் காவல் காக்கறேன் — துப்பாக்கி வேணும்னு கேக்கற எல்லாரும் மனசுல ஓட்டற சீன் அதுதான். இங்க வந்தது ஒரு பையன், வாதாங்கொட்டைக்காக.

இப்போ கொஞ்சம் எண்ணிக்கை. உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 கடைசியில உத்தரப் பிரதேசத்துல 12.77 லட்சம் லைசென்ஸ், தமிழ்நாட்டுல சுமார் 22,500. 2011 மக்கள்தொகையை வெச்சு வகுத்துப் பார்த்தேன்: அங்க 156 பேருக்கு ஒண்ணு, இங்க ஏறக்குறைய 3,200 பேருக்கு ஒண்ணு. அதனால நாம சாதுன்னு அர்த்தம் இல்ல, அருவா இருக்கு. ஆனா அருவாக்காரன் பக்கத்துல வந்தாகணும். எதிர் வீட்டுக் குழந்தை மேல சுவரைத் தாண்டிப் பாயாது.

டெல்லி 2012 சம்பவத்துக்கு அப்புறம், 2014-ல கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்குன்னே "நிர்பீக்"னு ஒரு சின்ன ரிவால்வர் கொண்டு வந்தது. அரை கிலோ எடை, விலை லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல. நைட் ஷிஃப்ட் முடிச்சு நடந்து போற எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்? வாங்கினாலும் பையில இருந்து எடுக்கற அந்த மூணு செகண்ட் யாருக்குச் சாதகம்?

அதனால வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு என்னோட பதில்: அந்த நானூறு அடியை உங்க கம்பெனி கிட்ட கேளுங்க. 2019-ல தமிழ்நாடு அரசு கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரம் திறக்கலாம்னு ஆணை போட்டப்போ, ராத்திரி எட்டு மணிக்கு மேல பெண்கள் வேலை செஞ்சா எழுத்துல சம்மதம் வாங்கணும், பாதுகாப்பும் போக்குவரத்தும் ஏற்பாடு பண்ணணும்னு நிபந்தனை வெச்சிருக்கு. தெரு முனையில இறக்கி விடறது எந்த ஊர் பாதுகாப்பு? எச்.ஆர்.க்கு மெயில் போடுங்க. டீம்ல இருக்கற மத்தவங்களையும் காப்பியில வைங்க.

அப்படியும் லைசென்ஸ் வேணும்னு தோணினா, வேப்பேரி கமிஷனர் ஆபீஸ். மனு தள்ளுபடி ஆச்சுன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க. கிடைச்சாலும் ஒண்ணு தெரிஞ்சு வைங்க: தேர்தல் அறிவிச்சா பேங்க் செக்யூரிட்டி மாதிரி சில பேரைத் தவிர மத்தவங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கறதுதான் இங்க வழக்கம். ஓட்டு எண்ணி முடிஞ்சப்புறம் அந்த ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கலாம்.