திருப்பி அனுப்பப்படும் அஞ்சலும் செட்டிநாட்டு விலாசமும்

பெறுநரிடம் சேர்ப்பிக்க முடியாமல் அனுப்புநருக்கே மீளும் கடிதம் அல்லது பொதி, திருப்பி அனுப்பப்படும் அஞ்சல் எனப்படும். பெறுநர் ஊர் மாறியது, இறந்தது, வாங்க மறுத்தது, முகவரி போதாமை ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். காரைக்குடியை மையமாகக் கொண்ட செட்டிநாட்டின் கடல் கடந்த வணிகம் அஞ்சலை நம்பியே நடந்தது. ஆகவே, கடிதம் சேர்கிறதா, திரும்புகிறதா என்பது அங்கு குடும்பத்தையும் கணக்கையும் பாதித்தது.

சட்டமும் நடைமுறையும்

பிரித்தானிய இந்தியாவில் சேர்ப்பிக்க இயலாத கடிதங்களைக் கையாள ‘டெட் லெட்டர் ஆபீஸ்’ என்ற தனி அலுவலகங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று சென்னையில் இயங்கியது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் 37, 38, 39ஆம் பிரிவுகளில் இதற்கான விதிகளை வகுத்தது. உறையின் மேல் அனுப்புநர் முகவரி இருந்தால் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பும். இல்லையெனில், இரகசியம் காக்கக் கடமைப்பட்ட அலுவலர் மட்டும் அதைப் பிரித்து முகவரியைத் தேடுவார். அதுவும் கிடைக்காவிட்டால் கடிதம் அழிக்கப்படும். உள்ளே பணமோ விற்கத்தக்க பொருளோ இருந்தால் ஓராண்டு வைத்திருப்பர். உரிமை கோருவோர் இல்லையெனில் பணம் அஞ்சல் துறைக் கணக்கில் சேரும், பொருள் விற்கப்படும். 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் இதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்தது.

இரு பொருள் தரும் சொல்

நகரத்தார் வழக்கில் ‘விலாசம்’ முகவரியை மட்டுமன்றி, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த வணிக நிறுவன அடையாளத்தையும் குறிக்கும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் மரபால் ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருந்தனர். அவர்களைப் பிரித்துக் காட்டியது விலாசமே. வெளிநாட்டுக் கடைகளை நடத்திய முகவர்கள் பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறினர்; ஆள் மாறினாலும் கடையின் விலாசம் மாறவில்லை.

பர்மா

1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்தன. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது குண்டு வீசப்பட்டது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர், பலர் கால்நடையாகவே. இந்தியாவுடனான வழக்கமான அஞ்சல் தொடர்பும் அறுந்தது. அப்போர்க் காலத்தில், தொடர்பு அறுந்த நாடுகளுக்கு எழுதிய கடிதங்கள் ‘சேவை நிறுத்தப்பட்டது’ என்ற குறிப்புடன் அனுப்பியவருக்கே திரும்பின. அத்தகைய உறை, கடிதம் சேரவில்லை என்பதை மட்டுமே தெரிவித்தது. எழுதப்பட்டவர் உயிருடன் இருக்கிறாரா என்பதை அன்று.