ஒரே கூரையின் கீழ்



கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைமீது ஏறிச் செல்வோர், 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காண்பர். இன்று அது நூதனசாலை. பழைய உருளைகளும் இயந்திரங்களும் அங்கே செவ்வனே பேணப்படுகின்றன. இயந்திரங்களுக்கு இத்துணை நல்ல இருப்பிடம் வாய்த்தது குறித்து மகிழ்வோம். அவற்றை இயக்கியவர்கள் படுத்துறங்கிய லயத்தைப் பற்றியே யான் இன்று பேச விழைகின்றேன். குறிப்பாக, அங்கே மூளும் தீயைப் பற்றி.

லயம் தேயிலைக்காகத் தோன்றியதன்று, கோப்பிக்காகத் தோன்றியது. 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைப் பகுதியில் தோட்டம் திறந்தார். பழம் பறிக்கும் பருவத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தனர். வந்தோருள் பெரும்பாலார் ஆடவர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோர். சில திங்கள் தலைசாய்க்க ஓர் இடம் என்பதே தோட்டத் துரைமார் கணக்கு. ஆகவே நீண்டதொரு கட்டடம், அதன்மேல் ஒரே முகடு, பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் காம்பராக்கள், முன்னே ஓர் இஸ்தோப்பு என்று லயம் அமைந்தது. சிலவற்றில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அவற்றுக்குப் பின்வாசல் கிடையாது. தொடக்கத்தில் கூரை பெரும்பாலும் புல்லால் வேயப்பட்டது. இடைச்சுவரோ பல லயங்களில் முகட்டைத் தொடாமலே நின்றுவிட்டது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆடவரோடு பெண்டிரும் பிள்ளைகளும் வந்தனர், வந்தவர் நிலைத்தனர். பயிர் மாறிற்று, வாழ்க்கை மாறிற்று. லயம் மட்டும் மாறவில்லை. குடும்பம் என்றால் அடுப்பு உண்டன்றோ? அந்த அடுப்பு இஸ்தோப்பில் மூட்டப்பட்டது. அதாவது, வெளியேறும் ஒரே வழியில் நெருப்பு இருந்தது. மழைக்கால விறகு அடுப்புக்கு மேலே பரணில் உலர்ந்தது.

1666இல் இலண்டன் மாநகர் எரிந்தபின், மறு ஆண்டே வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுக எனச் சட்டம் விதித்தனர். இதனை நம் வகுப்புகளில் பன்முறை கற்பித்திருக்கின்றோம். அதே நாட்டார் இரு நூற்றாண்டின் பின் இங்கு வந்து லயம் கட்டியபோது அந்தப் பாடத்தை நினைந்தாரில்லை. 1912இல் வந்த தொழிலாளர் நோய்ச் சட்டமும் சுகாதாரத்தையே கருதிற்று. பின்னாளில் தகரக் கூரை பரவியதும், இடர் நீங்கிற்று எனப் பலர் எண்ணினர். தகரம் எரியாது; ஆனால் அதனடியிலுள்ள மரச்சட்டம் எரியும். இடைச்சுவரின் மேலே திறந்த வெளியில் தீ காம்பரா காம்பராவாக ஓடும். குப்பி விளக்குப் போய் மின்சாரம் வந்தபின், ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு இழுத்த கம்பியும் சேர்ந்துகொண்டது.

சில ஆண்டுகளின் முன் எம் பாடசாலைக்கு அண்மையிலே ஒரு லயம் எரிந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். உயிர்ச்சேதம் இல்லை. மறுநாட் காலை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவேண்டிய மாணவி ஒருத்தி என் அறை வாசலில் நின்றாள். “சேர், ஐடென்டிட்டி கார்டும் பிறப்புப் பத்திரமும் போயிட்டு” என்றாள். புத்தகத்தைப் பற்றி அவள் ஒன்றுமே கூறவில்லை. 1948இல் குடியுரிமை இழந்து, பல தசாப்தங்கள் காகிதத்துக்காகவே அலைந்த மக்களின் பேத்தி அவள். எரிந்தது எது என்பதை அவள் நன்கறிந்திருந்தாள்.

குடியிருப்போரே சுவரை உயர்த்தலாகாதா எனச் சிலர் வினவுவர். வீடு அவர்களுடையதன்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. கண்டிப் பகுதியில் பல அரச நிறுவனங்களிடமே நின்றன. உடையவர் மாறினரேயன்றி, லயத்தில் வாழ்பவர் உடையவராகவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் நிலத்தில் தனித்தனி வீடுகள், இந்திய உதவியோடும் எழுந்துள்ளன. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டை எளிதில் எட்டாத இடைவெளி அங்கே உண்டு.

அம்மாணவி பரீட்சை எழுதினாள். கிராம அலுவலரும் தபாலதிபரும் இரண்டு நாள் உழைத்தனர். எரிந்த லயமும் திருத்தப்பட்டது. யான் சென்று பார்த்தேன். புதிய தகரம், அதே பழைய சுவர், அதே உயரம்.